குளோரின் விஷம் என்றால் உப்பை எப்படிச் சாப்பிடுகிறோம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்று ஹாலஜன்களை மனப்பாடம் செய்தோம், எல்லாமே நச்சு என்று சொல்லிக்கொடுத்தார்கள், அப்படியென்றால் பற்பசையிலும் உப்பிலும் குடிதண்ணீரிலும் அவற்றையே ஏன் போடுகிறார்கள், வீட்டில் எதில் கவனமாக இருக்க வேண்டும், ஆர்.ஓ. வைத்த பிறகும் தண்ணீருக்குக் குளோரின் வேண்டுமா? நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். அதனால் தண்ணீர் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரிந்துவிடும். ஹாலஜன் அணு எதுவாக இருந்தாலும் அதன் வெளிவட்டத்தில் ஏழு எலக்ட்ரான்கள், எட்டுக்கு ஒன்று குறைவு. அந்த ஒன்றுக்கான பசிதான் இந்தக் குடும்பத்தின் குணம் முழுவதும். அந்தப் பசி தீராமல் திரிகிற ஹாலஜன் எதைத் தொட்டாலும் அதிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். குளோரின் வாயு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர், டிங்சர் அயோடின் எல்லாம் இந்த ரகம், கிருமியைக் கொல்வதும் நுரையீரலைப் புண்ணாக்குவதும் இந்தப் பசிதான். எலக்ட்ரான் கிடைத்துவிட்டால் அதே அணு குளோரைடு, அயோடைடு என்று அமைதியாகிவிடும், சமையல் உப்பு இந்த ரகம். மூன்றாவதாக, கார்பனோடு சேர்ந்து ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொண்டு இருப்பது. பி.வி.சி. பைப், நான்-ஸ்டிக் தவா, ஏ.சி. கேஸ், நம் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கூட இந்த ரகம்தான்.

ஆகவே ஒரு பொருளில் குளோரின் இருக்கிறது, ஃப்ளூரின் இருக்கிறது என்று யாராவது சொல்லிப் பயமுறுத்தினால், அது எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். அதைச் சொல்லாமல் தனிமத்தின் பெயரை மட்டும் சொல்வதில் பயன் எதுவும் இல்லை. உப்பில் எடைக்கு எடை பார்த்தால் சுமார் 60 சதவீதம் குளோரின்தான், நாம் தினமும் சாப்பிடுகிறோம். நம் வயிற்றில் சுரக்கும் அமிலத்துக்கும் அந்தக் குளோரைடுதான் வேண்டும்.

பசி எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. ஃப்ளூரினுக்கு மிக அதிகம், அப்புறம் குளோரின், புரோமின், அயோடின் என்று இறங்கிக்கொண்டே வரும். எங்கள் கூடத்தில் பிளீச்சிங் பவுடர் நல்லதா பழசா என்று பார்ப்பதே இந்த வரிசையை வைத்துத்தான். பவுடர் கரைசலில் பொட்டாசியம் அயோடைடும் கொஞ்சம் அமிலமும் சேர்த்தால், குளோரின் அயோடைடிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும், எலக்ட்ரானை இழந்த அயோடின் பழுப்பு நிறத்தில் வெளியே வரும். அதில் ஸ்டார்ச் இரண்டு சொட்டு விட்டால் கருநீலம். பிறகு பியூரெட் என்கிற அளவுக்குழாயில் இருந்து ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, நீலம் மறையும் இடத்தில் நிறுத்திக் கணக்குப் போட்டால் பவுடரில் எத்தனை சதவீதம் குளோரின் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நல்ல புதுப் பவுடரில் 33 சதவீதம் வரை இருக்கும். மூட்டையைத் திறந்து ஈரமான அறையில் போட்டு வைத்தால் அது வேகமாகக் குறையும், கடைசியில் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். எத்தனையோ ஊர்த் தொட்டிகளில் 'பவுடர் போட்டோம், ஆனாலும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சரி, குளோரின். 1774ல் ஸ்வீடனில் ஷீலே இந்த மஞ்சள் பச்சை வாயுவைத் தயாரித்தார், அது ஒரு தனிமம் என்று 1810ல் உறுதியாகச் சொன்னவர் ஹம்ஃப்ரி டேவி. ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் 1799ல் இதைச் சுண்ணாம்பில் உறிஞ்ச வைத்துத் தூளாக்கிக் காப்புரிமை வாங்கியதுதான் நாம் இன்றும் வாங்குகிற பிளீச்சிங் பவுடர். முதலில் அது துணி வெளுக்கத்தான் பயன்பட்டது. தண்ணீருக்கு வந்தது நூறு வருடம் கழித்து. இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தில் 1905ல் டைபாய்டு பரவியபோது போட்டார்கள், அமெரிக்காவில் ஜெர்சி நகரம் 1908ல் தன் குடிநீர் முழுவதற்கும் தொடர்ந்து போட ஆரம்பித்தது. காலராவும் டைபாய்டும் நகரங்களை விட்டு விலகியதில் இந்த மலிவான தூளுக்குப் பெரிய பங்கு உண்டு. மருத்துவ வரலாற்றில் தடுப்பூசிக்குச் சமமான இடத்தை நான் இதற்குக் கொடுப்பேன்.

தண்ணீரில் கரைந்ததும் அது ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறுகிறது. இதற்கு மின்சுமை இல்லை, அதனால் பாக்டீரியாவின் சுவரைத் தாண்டி உள்ளே போய்விடும். போன பிறகு அங்கே இருக்கிற புரதங்களிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும், கிருமி செத்துப்போகும். தண்ணீரின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 8, 8.5 என்று காரப் பக்கம் ஏறிவிட்டால் இந்த அமிலம் பெரும்பாலும் சுமையுள்ள ஹைப்போகுளோரைட்டாகப் போய்விடும், அதற்குக் கொல்லும் திறன் மிகக் குறைவு. ஆகவே குளோரின் போட்டால் மட்டும் போதாது, நேரமும் கொடுக்க வேண்டும். பி.எச். 8க்குள் இருக்கிற தண்ணீரில் குறைந்தது அரை மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருந்தால் கிருமி நீக்கம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி நம் வீட்டுக் குழாயில் வரும்போது குறைந்தது 0.2 மில்லிகிராம் எச்சக் குளோரின் இருக்க வேண்டும். அந்த மிச்சம்தான் முக்கியம். தொட்டியிலிருந்து நம் வீடு வரை வரும் குழாயில் எங்கேயாவது விரிசல் விட்டுச் சாக்கடை கலந்தால், எதிர்த்து நிற்க அது ஒன்றுதான் இருக்கிறது. காலையில் தண்ணீர் பிடிக்கும்போது லேசாகக் குளோரின் வாசம் அடித்தால் கோபப்படாதீர்கள், தொட்டி ஆபரேட்டர் தன் வேலையைச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். வாசம் பிடிக்காவிட்டால் அகலமான பாத்திரத்தில் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் குறைந்துவிடும்.

வீட்டு சம்ப்புக்கோ கிணற்றுக்கோ போட வேண்டுமென்றால், தெளிந்த தண்ணீர் 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் என்பது பொதுச் சுகாதாரத் துறையினர் படிக்கும் பாடநூல்களில் இருக்கிற கணக்கு. நேராகக் கொட்டக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும், மேலே இருக்கிற தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கி ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். மழை வெள்ளம் புகுந்த கிணறாக இருந்தால் இந்த அளவு போதாது, கலங்கல் தண்ணீரில் இருக்கிற அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் தெளிய வைக்க வேண்டும்.

குளோரின் போட்ட தண்ணீரில் வேறு சேர்மங்கள் உண்டாகுமே, புற்றுநோய் வருமே என்று கேட்பவர்கள் உண்டு. இலை, சேறு போன்ற கரிமப் பொருள் தண்ணீரில் இருந்தால் டிரைஹாலோமீத்தேன்கள் கொஞ்சம் உண்டாகும் என்பது உண்மைதான், அதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பயந்து கிருமி நீக்கத்தைக் கைவிடக் கூடாது என்பதில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாக இருக்கிறது. காலரா ஒரே வாரத்தில் குழந்தைகளைக் கொண்டுபோய்விடும்.

இப்போது இந்தப் பதிலிலேயே மிக முக்கியமான விஷயம், தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகப் போடவே கூடாது. கடைகளில் விற்கும் டாய்லெட் கிளீனர் பெரும்பாலானவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது பிளீச்சிங் பவுடரோடோ ஹைப்போகுளோரைட் திரவத்தோடோ சேர்ந்தால் நொடியில் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே ஜெர்மனிப் படை சிலிண்டர்களைத் திறந்து 150 டன்னுக்கும் மேல் காற்றில் விட்டதே, அதே வாயுதான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, அதனால் மேலே போகாமல் சின்னக் குளியலறையின் தரையிலேயே தேங்கும். குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவர் முகத்துக்கு நேராக வரும். 'ரெண்டும் சேர்த்தா இன்னும் நல்லா போகும்' என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். கண் எரிந்து மூச்சு முட்டினால் எதையும் கழுவிவிடப் பார்க்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும், கதவைத் திறந்து போட வேண்டும், இருமல் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்தும் வரலாம். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாக்களுக்கும், கழிப்பறைகள் கழுவுகிற தொழிலாளர்களுக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். அம்மோனியா சேர்ந்த கிளீனரோடு கலந்தாலும் இதே மாதிரி குளோரமின் என்கிற எரிச்சல் வாயு வரும். நீச்சல் குளத்தில் கண் எரிவதும் ஒரு கடுமையான வாசம் அடிப்பதும் பெரும்பாலும் இந்தக் குளோரமினால்தான், வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாவது. வாசம் அதிகம் அடிக்கிற குளம் சுத்தமான குளம் என்று நினைக்க வேண்டாம்.

இந்தக் குளோரின் எங்கிருந்து வருகிறது என்றால், உப்பளத்திலிருந்துதான். உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் குளோரைடு தன் எலக்ட்ரானை இழந்து ஒரு பக்கம் குளோரினாக வரும், இன்னொரு பக்கம் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் வரும். ஒரு டன் காஸ்டிக் சோடா தயாரித்தால் கூடவே ஏறக்குறைய 0.88 டன் குளோரின் வந்தே தீரும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் இருக்கிற காஸ்டிக் சோடா ஆலைகள் இப்படித்தான் இயங்குகின்றன. சோப்புக்கும் துணிக்கும் காகிதத்துக்கும் காஸ்டிக் சோடா வேண்டும், அதனோடு பிறக்கும் குளோரினுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும், அந்த வேலைகளில் மிகப் பெரியது பி.வி.சி. பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய், ஒயருக்கு மேல் போட்டிருக்கும் உறை, ரத்தம் சேமிக்கும் பை எல்லாம் அதுதான். கார்பனோடு கட்டிப்போட்ட குளோரின் என்பதால் அமைதியாகக் கிடக்கிறது, ஆனால் எரித்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டயாக்சின் என்கிற கொடிய நச்சும் வெளிவரும். பழைய ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதும், குப்பையோடு பைப் துண்டுகளைக் கொளுத்துவதும் ஏன் கூடாது என்றால் இதனால்தான்.

ஃப்ளூரின் தனியாக இருக்கும்போது மிகவும் முரட்டுத்தனமானது, கண்ணாடியையே தின்னும். அதைப் பிரித்தெடுக்க முயன்று சில வேதியியலாளர்கள் உயிரையே விட்டார்கள். 1886ல் பாரிஸில் ஆன்ரி முவாசான் கடைசியில் பிரித்தார், 1906ல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் நாம் சந்திப்பது ஃப்ளூரைடை. பல்லின் எனாமலில் இருக்கிற தாதுப்பொருளில் ஃப்ளூரைடு போய் உட்கார்ந்தால், வாயில் பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தில் அவ்வளவு சீக்கிரம் கரையாத ஒரு தாதுவாக அது மாறுகிறது. பற்பசையில் சுமார் 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) போடுவது அதற்காகத்தான், வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. குழந்தைகளுக்குப் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம், துப்பத் தெரியாத வயது என்றால் அதைவிடக் குறைவாக லேசாகத் தடவினால் போதும்.

தண்ணீரில் கதை வேறு. பசி தீர்ந்த ஃப்ளூரைடும் அளவு மீறினால் கெடுதல்தான், ஏனென்றால் கால்சியத்தின் மேல் அதற்கு அவ்வளவு ஈர்ப்பு. இந்தியத் தரப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களில் கருங்கல் பாறையில் இருக்கிற தாதுக்களிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு வருகிறது. மழை குறைந்து போர் ஆழமாகப் போகப் போகப் பாறையோடு பல வருடம் ஊறிய தண்ணீர் மேலே வருகிறது. குழந்தைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை, எத்தனை தேய்த்தாலும் போகாது, அது பல் முளைப்பதற்கு முன்பே உள்ளே படிந்துவிட்டது. இன்னும் அதிகமாக, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி நடக்கவே முடியாத நிலை வரும். கல்யாணப் பேச்சில் அந்தப் பல்லைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கிற கொடுமையெல்லாம் இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது, அதன் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் (ஃப்ளூரைடு மிகுவதால் வரும் இந்த நோய்) பாதிப்புக் குறைப்பு என்பது இருக்கிறது. காவிரித் தண்ணீர் 2013ல் இருந்து அந்தக் கிராமங்களுக்குப் போகிறது. ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாளில் மறுபடியும் போர் தண்ணீரைக் குடிக்கிற வழக்கம் விடவில்லை. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், ஃப்ளூரைடு அப்படியே தங்கும், செறிவு கூடத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைக்கிற நல்கொண்டா முறையோ ஆர்.ஓ.வோ வேண்டும். அந்த மாவட்டங்களில் போர் தண்ணீர் குடிப்பவர்கள் ஒரு முறையாவது பரிசோதனை செய்துவிடுங்கள், பார்த்தோ ருசித்தோ கண்டுபிடிக்க முடியாது.

நான்-ஸ்டிக் தவாவில் இருக்கிற டெஃப்லானை 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தார், குளிர்பதன வாயு சிலிண்டர் ஒன்று கேஸ் வராமல் அடைத்துக்கொள்ள, அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள். கார்பன் - ஃப்ளூரின் பிணைப்பு அவ்வளவு பலமானது, எதோடும் வினைபுரியாது, அதனால்தான் தோசை ஒட்டுவதில்லை. அதில் ஒரு சுரண்டல் வயிற்றுக்குள் போனாலும் அப்படியே வெளியே வந்துவிடும். காலித் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மறந்து போவதுதான் தவறு, 350 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதைந்து புகை வரும், கூண்டில் வளர்க்கும் பறவைகள் அந்தப் புகையில் செத்தே போகும். இந்தப் பூச்சைத் தயாரிக்க முன்பு பயன்படுத்திய பி.எஃப்.ஓ.ஏ. என்கிற வேதிப்பொருள் வேறு விஷயம், அது உடம்பிலும் மண்ணிலும் சிதையாமல் தங்குகிறது. 2019ல், இப்படிச் சிதையாமல் தங்கும் நச்சுகளைக் கட்டுப்படுத்துகிற ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள்.

அதே உறுதி வானத்தில் எப்படி வினையானது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த குளோரோஃப்ளூரோகார்பன்கள் தரையில் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, எரியாது, விஷம் இல்லை. ஆனால் சிதையாமல் மேலே மேலே போய், புற ஊதாக் கதிர் பட்டதும் குளோரின் அணு பிய்த்துக்கொண்டு வந்து பசியோடு ஓசோனைத் தாக்கியது. ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்க முடியும். மோலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் 1974ல் எச்சரித்தார்கள், 1987ல் இவற்றைக் கட்டுப்படுத்த மான்ட்ரியலில் உடன்படிக்கை வந்தது, இன்று ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. உங்கள் ஏ.சி.யின் லேபிளைப் பாருங்கள், ஆர்-22 என்றால் அதில் குளோரின் இருக்கிறது, ஆர்-32 என்றால் ஃப்ளூரின் மட்டும், ஓசோனுக்கு ஆபத்தில்லை, ஆனால் வெளியே கசிந்தால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல நூறு மடங்கு. சர்வீஸ் செய்ய வருபவர் பழைய கேஸைச் சும்மா காற்றில் திறந்துவிட்டால் தடுத்து நிறுத்துங்கள்.

புரோமின் சாதாரண வெப்பநிலையில் செம்பழுப்புத் திரவமாக இருக்கும். உலோகமல்லாத தனிமங்களில் திரவமாக இருப்பது இது ஒன்றுதான். 1826ல் பிரான்ஸின் மோன்பெலியேயில் பலார் என்பவர் உப்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரிலிருந்து இதைக் கண்டுபிடித்தார். இன்றும் உப்பளக் கழிவு நீரிலிருந்தும் சாக்கடலிலிருந்தும்தான் எடுக்கிறார்கள், இந்தியாவில் குஜராத்தின் கட்ச் பகுதியில் இருந்து. நம் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் வெள்ளி புரோமைடின் தயவு. வெளிச்சம் பட்ட இடத்தில் புரோமைடு தன் எலக்ட்ரானைத் திரும்ப விட்டுக்கொடுக்கும், அதை வாங்கிக்கொண்ட வெள்ளி கறுப்பாகப் படியும். வெளிச்சம் படாத மிச்சத்தை ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போவில் கழுவி எடுப்பார்கள், மேலே பிளீச்சிங் பவுடர் கணக்கில் வந்த அதே ஹைப்போ. ஊட்டி இந்துநகரில் 1960ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் எக்ஸ்ரே தாளும் தயாரித்தது. டிஜிட்டல் வந்ததும் அந்தத் தொழிலே போய்விட்டது. இன்று புரோமின் பெரும்பாலும் கம்ப்யூட்டர், டிவி பிளாஸ்டிக்குகள் எளிதில் தீப்பற்றாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களில் போகிறது. பிரெட்டில் மாவு உப்பச் சேர்த்த பொட்டாசியம் புரோமேட்டை இந்தியாவில் 2016ல் தடை செய்துவிட்டார்கள், நல்ல காரியம்.

ஹாலஜன் லைட் பற்றியும் கேட்பார்கள் என்று தெரியும். சாதாரண குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை மெல்ல ஆவியாகிக் கண்ணாடியைக் கறுப்பாக்கும். உள்ளே துளி அயோடினோ புரோமினோ வைத்தால் அது அந்த ஆவியைப் பிடித்து மறுபடியும் சூடான இழையிலேயே கொண்டுபோய் விடும், அதனால் பல்பை இன்னும் சூடாக, பிரகாசமாக எரிக்கலாம். பைக் ஹெட்லைட் பல்பை மாற்றும்போது கண்ணாடியை வெறும் விரலால் தொட வேண்டாம் என்பார்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகச் சூடாகி விரிசல் விடும்.

அயோடினுக்கு வருவோம், என் மனதுக்கு மிக நெருக்கமானது இது. 1811ல் பிரான்ஸில் பெர்னார் கூர்த்வா வெடிமருந்துக்கான உப்பு எடுக்கக் கடற்பாசிச் சாம்பலோடு வேலை செய்துகொண்டிருந்தார், அமிலம் கொஞ்சம் கூடிப்போய் ஊதா நிற ஆவி கிளம்பியது. காயத்துக்குப் போடும் டிங்சரில் இருப்பது ஆல்கஹாலில் கரைத்த அயோடின், எரிவதில் ஆல்கஹாலுக்கும் பங்கு உண்டு. பெட்டடைன் போன்ற போவிடோன் அயோடினில் அது ஒரு பாலிமரோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருவதால் எரிச்சல் குறைவு, கிருமி கொல்வதில் குறைவில்லை. நீங்கள் இதைப் படிக்கிற செல்போன் திரை எல்.சி.டி. என்றால் ஒளியை ஒரே திசையில் வடிகட்டும் அதன் போலரைசர் ஃபிலிமிலும் அயோடின் இருக்கிறது.

ஆனால் அயோடினின் பெரிய வேலை நம் கழுத்தில். தைராய்டு முக்கியமாகச் சுரக்கும் தைராக்சின் ஹார்மோன் ஒரு மூலக்கூறுக்கு நான்கு அயோடின் அணு வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. எழுபது வருட வாழ்க்கைக்கும் கூட்டிப் பார்த்தால் நான்கு கிராம்கூட வராது. அந்தத் துளி இல்லாவிட்டால் கழுத்தில் கழலை வரும், அதைவிடக் கொடுமை, கர்ப்பத்தில் இருக்கிற குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும், அதைப் பிறகு எந்த மருந்தாலும் சரிசெய்ய முடியாது. 1950களில் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் உப்பு போன இடங்களில் கழலை நன்றாகக் குறைந்தது. அதை வைத்துத்தான் 1962ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. நம் நாட்டில் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட், ஈரமும் வெயிலும் உள்ள ஊரில் அயோடைடைவிட இது நிலைத்து நிற்கும், உடம்புக்குள் போனதும் அயோடைடாக மாறிவிடும். நம் கைக்கு வரும்போது உப்பில் குறைந்தது 15 பி.பி.எம். இருக்க வேண்டும், அதாவது பத்து கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம்.

நம் ஊர்க்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இங்கேதான். குஜராத்துக்கு அடுத்து இந்தியாவில் அதிக உப்பு விளைகிற மாநிலம் நம் தமிழ்நாடு, ஆனால் 2018-19ல் எடுத்த தேசிய ஆய்வில் போதுமான அயோடின் உள்ள உப்பு பயன்படுத்தும் குடும்பங்கள் நாட்டிலேயே குறைவாக இருந்ததும் இங்கேதான், சுமார் 62 சதவீதம். காரணம் உப்பளம் பக்கத்தில் இருப்பதே. மூட்டையில் வருகிற கல் உப்பு மலிவு, ருசியும் நன்றாக இருக்கிறது என்று வாங்குகிறோம். கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்குமே என்று பலர் நம்புகிறார்கள். கடல் தண்ணீரிலேயே அயோடின் மிகக் குறைவு, பாத்தியில் காய்ந்து உப்பாகும்போது அதிலும் பெரும்பகுதி தங்குவதில்லை. இப்போது பரவிவிட்ட இந்துப்பிலும் தேவையான அளவு இல்லை. கல் உப்புதான் வேண்டும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பே பாக்கெட்டில் கிடைக்கிறது, அதை வாங்கி மூடிய டப்பாவில் வைத்தால் போதும். சந்தேகமாக இருந்தால் உருளைக்கிழங்கை வெட்டி, உப்பைத் தூவி ஒரு நிமிடம் விட்டு, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீலம் வந்தால் அயோடின் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிற முறைதான் இது, ஸ்டார்ச்சும் அயோடினும் சேரும் அதே வினை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் சாதாரணமாக இந்த உப்பை நிறுத்த வேண்டியதில்லை, கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன் மட்டும் மருத்துவர் கொஞ்ச நாள் தவிர்க்கச் சொல்வார்.

குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர், ஆஸ்டடைனும் டென்னசினும். முதலாவது கதிரியக்கத்தால் சில மணி நேரத்தில் அழிந்துவிடும், அதில் ஒரு வகையைப் புற்றுநோய் சிகிச்சைக்காக ஆராய்கிறார்கள். இரண்டாவது 2010ல் ரஷ்யாவின் துப்னாவில் சில அணுக்கள் மட்டும் உண்டாக்கப்பட்டது. நம் வீட்டுக்கு இரண்டும் வராது.

கடைசியாக ஆர்.ஓ. கேள்வி. ஆர்.ஓ. எந்திரத்தில் சவ்வுக்கு முன்னால் ஒரு கார்பன் ஃபில்டர் இருக்கும், அதன் முக்கிய வேலையே குளோரினை எடுத்துவிடுவது, ஏனென்றால் குளோரின் பட்டால் அந்தச் சவ்வு கெட்டுவிடும். அதனால் உள்ளே வருகிற தண்ணீரில் குளோரின் இருப்பதில் எந்தப் பிரச்சினையும் இல்லை, சம்ப்பும் மேல்தொட்டியும் பாசி பிடிக்காமல் இருக்க அது வேண்டும். ஆனால் எந்திரத்தின் டேங்கில் சேர்ந்து நிற்கிற தண்ணீரில் எச்சக் குளோரின் துளியும் இருக்காது, காவலே இல்லாத தண்ணீர் அது. ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் அதை அப்படியே குடிக்காமல் டேங்கை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாகப் பிடித்துக் குடியுங்கள், கார்பன் ஃபில்டரையும் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள்.